வீழ்ச்சியும் மீட்சியும்: ஒரு சொல்லிசைக் கலைஞரின் வரலாறு

மாசித் திங்களில் டிக்கோயா, ஹட்டன் முதலிய மலையகத் தோட்டப் பகுதிகளில் ஆடப்பெறும் காமன் கூத்திலே, மன்மதன் எரியுண்டபின் இரதி புலம்பும் பகுதியே காண்போர் உள்ளத்தைப் பெரிதும் உருக்குவதாகும். தப்பின் முழக்கத்துக்கிடையே அவள் தன் இழப்பைச் சொல்லிச் சொல்லி அழுகின்றாள். அவள் வேண்டுதலின் பயனாகவே மன்மதன் மீண்டும் உயிர் பெறுகின்றான். புலம்பல் முன்னும் மீட்சி பின்னுமாக அமைந்த இவ்வொழுங்கு ஆழ்ந்து நோக்கத்தக்கது. முற்றிலும் வேறான நாட்டில், வேறான கலையொன்றிலும் இதனைக் காணலாம் என்பதற்கு அமெரிக்கச் சொல்லிசைக் கலைஞராகிய எமினெம் என்பாரின் வாழ்க்கை சான்றாகும்.

‘ராப்’ எனப்படும் சொல்லிசை 1970களில் நியூயோர்க் நகரின் பிரொங்ஸ் பகுதியிலே, ஏழ்மையிலுழன்ற கறுப்பின மக்களிடையே வளர்ந்த கலையாகும். இதற்குத் தாளமே உயிர். இராகம் துணை மாத்திரமே. நம் புலவர் எதுகையை அடியின் முதலிலே வைத்துப் போற்றுவர். சொல்லிசையாளரோ ஒத்த ஓசைகளை அடியின் இறுதியிலும் இடையிலும் அடுக்கிச் செல்வர். பாடுவோன் தன் வாழ்வைத் தானே எடுத்துரைத்தல் இக்கலையின் மரபாதலின், அவன் வீழ்ச்சியும் பாட்டுக்குப் பொருளாகின்றது.

1972ஆம் ஆண்டு பிறந்து, டெட்ரொயிட் நகரை அடுத்து வறுமையில் வளர்ந்தவர் எமினெம். 2002இல் வெளிவந்த ‘8 மைல்’ என்னும் திரைப்படத்துக்கு அவர் ஆக்கிய பாடல், அடுத்த ஆண்டு ஒஸ்கார் பரிசு பெற்றது. அப்பரிசை வென்ற முதற் சொல்லிசைப் பாடல் அதுவேயாகும். ஆயினும், அப்படப்பிடிப்பின்போதே உறக்க மாத்திரை தமக்கு அறிமுகமாயிற்று எனப் பின்னாளில் அவரே கூறினார். உறக்க மாத்திரையோடு வலிநீக்கி மாத்திரைகளும் சேர்ந்தன. 2005இல் ஐரோப்பியப் பயணத்தைக் கைவிட்டு அவர் சிகிச்சை பெற நேர்ந்தது. 2006ஆம் ஆண்டு ஏப்பிரல் 11ஆம் நாள், அவருடைய உயிர்த்தோழரும் சொல்லிசையாளருமான ப்ரூஃப் என்பவர் டெட்ரொயிட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். இத்துயரின்பின் எமினெமின் மாத்திரைப் பழக்கம் கட்டுக்கடங்காது பெருகிற்று.

இப்பழக்கம் மனிதனை எவ்வாறு பிணிக்கின்றது என்பதை ஈண்டு விளக்குதல் பொருந்தும். அபினி இனத்தைச் சார்ந்த வலிநீக்கிகள் மூளையிலுள்ள ஏற்பிகளிற் பொருந்தி வலியைத் தணிக்கின்றன. நாளடைவில் மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்வதால், முந்திய அளவு போதாமற் போகின்றது. மருந்தை நிறுத்தினாலோ உடல் நடுங்கி வருந்துகின்றது. ‘மெதடோன்’ என்னும் மருந்து மேலும் ஓர் இடருடையது. வலி தணிக்கும் அதன் ஆற்றல் முன்னே குறைந்துவிட, மூச்சை ஒடுக்கும் ஆற்றல் நெடுநேரம் உடலில் நின்றுவிடும். வலி மீண்டதென எண்ணி மறுமுறை உண்போன் உயிருக்கே ஊறு தேடிக்கொள்கின்றான். 2007 டிசம்பரில் எமினெம் இம்மருந்தை மிகையாக உட்கொண்டு சாவின் விளிம்புவரை சென்று மீண்டார். மறுபடியும் தவறி எழுந்த பின்னர், 2008ஆம் ஆண்டு ஏப்பிரல் 20ஆம் நாளிலிருந்து அவர் போதை நீங்கி வாழத் தொடங்கினார்.

மீண்டவர் உடனே பழைய ஆற்றலைப் பெற்றாரல்லர். சொல்லடுக்கும் வித்தையையே புதிதாகக் கற்கவேண்டியிருந்தது. 2009இல் வெளிவந்த ‘ரிலாப்ஸ்’, அதாவது மீள்வீழ்ச்சி, என்னும் இசைத்தொகுப்பில் கொடூரக் கற்பனையும் விந்தைக் குரல்களும் மலிந்திருந்தன. கலைஞர் முகமூடியணிந்தே மேடைக்குத் திரும்பினார் எனலாம். அடுத்த ஆண்டு யூன் மாதத்தில் வெளிவந்த ‘ரிக்கவரி’, அதாவது மீட்சி, என்னும் தொகுப்பிலோ அம்முகமூடி பெரிதும் களையப்பட்டது. தம் முந்திய தொகுப்புகளின் குறைகளை அவர் பாடலிலேயே ஒப்புக்கொண்டார். மறைந்த தோழரை விளித்து ஒரு பாடல் முழுவதையும் அமைத்தார். அமெரிக்காவில் முதல் வாரத்திலேயே ஏறத்தாழ 7,41,000 படிகள் விற்பனையாயின. 2011இல் சிறந்த சொல்லிசைத் தொகுப்புக்கான கிராமி விருதும் கிட்டிற்று. எனினும், மீட்சியின் அளவுகோல் விற்பனையன்று. 2018இல் அவர் போதையின்றிப் பத்தாண்டு நிறைவு செய்தாரென்பதே அதற்குத் தக்க அளவுகோல்.

இவ்வரலாறு மலையகத்தார்க்கு அயலானதன்று. நெடுநாட் குளிரும் கடுமையான உழைப்பும் இழப்பும் சூழ்ந்த லயன் வாழ்க்கையிலே, துயரை மறக்கச் சாராயத்தை நாடியோர் பலர். அதனாற் சிதைந்த குடும்பங்களும் பல. அத்தகையோரை ஒழுக்கங்கெட்டவர் எனத் தள்ளிவிடுதல் எளிது. அடிமைப்பழக்கத்தை நோயென மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டுள்ளது. நோயாளிக்கு வேண்டுவன மருத்துவமும் துணையும் பொறுமையுமாம். பாட்டொன்றே நோயைத் தீர்க்காது. ஆயினும், அடக்கிவைத்த துயருக்கு அது வாயிலாகலாம். இழவு வீட்டில் பெண்கள் ஒப்பாரி வைத்து அழுகின்றனர். ஆடவரோ வாய்திறவாது வெளியே நிற்கின்றனர். கூத்துக் களத்தில் இரதி வேடம் புனைந்து வாய்விட்டுப் புலம்பும் ஆடவனைக் கண்டு ஊரே கண்ணீர் உகுக்கின்றது. அவ்வேடம் களைந்தபின்னும் அவன் தன் துயரைப் பிறரிடம் சொல்ல இயலுமாயின், கூத்தின் பயன் களத்துக்கு அப்பாலும் நீளும்.