கூலி உயர்ந்தால் மட்டும் போதுமா?



நூறு நாள் வேலையின் கூலி உயர்ந்தது என்னும் செய்தியை ஆண்டுதோறும் படித்து வந்திருக்கிறோம். 2024இல் 319 ரூபாயாக இருந்த தமிழகத்தின் நாட்கூலி, 2025 ஏப்ரலில் 336 ரூபாயாயிற்று. ஆனால், குளத்தில் மண் சுமந்த சகோதரிக்கு அத்தொகை முழுமையாகக் கிடைக்குமா என்பதை முடிவு செய்வது கூலி உத்தரவு மட்டுமன்று. வேலையை அளக்கும் நாடாவும்தான்.

2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், 2008 ஏப்ரல் முதல் நம் குமரி மாவட்டத்திலும் நடைமுறைக்கு வந்தது. நாஞ்சில் நாட்டின் குளங்களைத் தூர்வாரவும் கால்வாய்க் கரைகளைச் செப்பனிடவும் சென்றவர்களில் பெரும்பாலோர் பெண்களே. அரசு அளித்த இவ்வுதவி, உழைப்பைக் கேட்ட உதவியாகும்.

எவ்வளவு உழைப்பு? ஓய்வு நேரம் நீங்கலாக ஏழு மணி நேரம் உழைப்பவருக்கு முழுக்கூலி கிடைக்கும்படி வேலையின் அளவு அமைய வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி. இதனை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். இரண்டு கன மீட்டர் மண் வெட்டினால் நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கன மீட்டருக்கு ஐம்பது ரூபாய். கூலி 120 ரூபாயாக உயரும்போது கன மீட்டருக்குரிய தொகையும் 60 ரூபாயாக உயர வேண்டும். அது ஐம்பதிலேயே நின்றுவிட்டால், 120 ரூபாய் பெற 2.4 கன மீட்டர் வெட்டியாக வேண்டும். உயர்ந்தது கூலியன்று, சுமையே! வலுவிழந்த முதியவரும் கைக்குழந்தையை விட்டு வந்த தாயும் இதனால் பின்தங்கிவிடுவர்.

இக்கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்றதுண்டு. இராஜஸ்தானில் பஞ்ச நிவாரணச் சாலைப் பணியில் இருபது இருபது பேராகக் குழு அமைத்து, குழுவின் வேலையை அளந்து கூலியைப் பகிர்ந்தனர். அன்றைய குறைந்தபட்சக் கூலியான ஏழு ரூபாய் பலருக்குக் கிட்டவில்லை. சஞ்சித் ராய் தொடுத்த அவ்வழக்கில் 1983இல் தீர்ப்பளித்த நீதிபதி பகவதி, நிவாரணப் பணியாயினும் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது, அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்றார். வறுமையால் ஒப்புக்கொள்வது மனமுவந்த சம்மதமாகாது என்பதே அதன் அடிப்படை.

வேலை உறுதிச் சட்டத்திலும் தொடக்கத்தில் மாநிலத்தின் விவசாயக் குறைந்தபட்சக் கூலியே அளவுகோலாக இருந்தது. மாநிலங்கள் அதனை உயர்த்தியபோது மத்திய அரசின் செலவும் ஏறியது. எனவே 2009 ஜனவரி முதல் மத்திய அரசே தனியாகக் கூலியை அறிவிக்கலாயிற்று. 2025இல் களியக்காவிளைக்கு இப்பால் 336 ரூபாய். அப்பால் கேரளத்தில் 369 ரூபாய். மண்ணோ ஒன்றுதான்!

2025 டிசம்பரில், பழைய சட்டத்திற்கு மாற்றாக 125 நாள் வேலை தரும் புதிய சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. நாட்கள் கூடுவது நன்றே. ஆயினும் அளவு பற்றிய கேள்வி அப்படியே இருக்கிறது.

ஆகவே சகோதரிகளே, கிராம சபையில் கூலி எவ்வளவு என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். அதற்கு எவ்வளவு வேலை, அந்த அளவு எந்த ஆண்டு திருத்தப்பட்டது, முதியோருக்கும் உடல் ஊனமுற்றோருக்கும் தனி அளவு உண்டா என்றும் கேளுங்கள். வேலை அளக்கப்படும்போது அருகில் நின்று, அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த நம் பிள்ளைகள் இதில் அவர்களுக்குத் துணை நிற்பார்களாயின், அதுவே சிறந்த சமுதாயப் பணியாகும்.