உஷார்! பாட் கமென்டை மறைக்கும் எக்ஸ்டென்ஷன் போட்டிருக்கிறீர்களா?

ஒரகடம், வல்லம் வடகால், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கம்பெனிகளில் புரோகிராம் எழுதும் பிள்ளைகளே, கையில் இருக்கும் வேலையை ஒரு நிமிஷம் நிறுத்துங்கள்.

கோட் ரிவியூவில் பாட்கள் போடும் கமென்டுகளை மறைக்கும் எக்ஸ்டென்ஷன் உங்கள் பிரவுசரில் இருக்கிறதா? இருந்தால் இதைக் கடைசிவரை படித்துவிடுங்கள்.

எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி. ஒரகடத்தில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் வேலை. போல்ட் முறுக்கும் மெஷின் எவ்வளவு இறுக்கியது என்ற கணக்கைச் சர்வருக்கு அனுப்பும் புரோகிராமைப் பார்த்துக்கொள்ளும் சின்ன டீம். பத்து வரி மாற்றினால் போதும், பாட்கள் வரிசை கட்டி வந்துவிடும். ஒன்று இடைவெளி சரியில்லை என்னும். ஒன்று டெஸ்ட் போதாது என்னும். இன்னொன்று பழைய பேக்கேஜை மாற்றச் சொல்லும். நடுவே கூட வேலை செய்பவர் கேட்ட ஒரே ஒரு கேள்வியைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. யாரோ சொன்னார்கள் என்று எக்ஸ்டென்ஷனைப் போட்டாள். பக்கம் பளிச்சென்று ஆனது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். கம்பெனி பஸ் கிளம்பப் பத்து நிமிஷம். டீமில் ஒரு பையன் அனுப்பிய கோடைப் பார்த்தாள், அப்ரூவ் கொடுத்தாள், ஓடிப் போய் பஸ் ஏறினாள்.

அந்தக் கோடில் சர்வர் பாஸ்வேர்ட் அப்படியே இருந்தது.

பாட் அந்த வரியையே காட்டி எச்சரித்திருந்தது. அவள் திரையில் மட்டும் அது தெரியவில்லை.

அந்தக் கோடை வெளி ஒப்பந்தக்காரர்களும் திறந்து பார்க்க முடியும். லைனில் எல்லா ஸ்டேஷனுக்கும் அதே பாஸ்வேர்ட். திங்கட்கிழமை ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றினார்கள். மேனேஜர் தன் திரையைத் திருப்பிக் காட்டி, "இங்கேயே இருக்கேம்மா, பார்க்கலையா?" என்று கேட்டாராம். அவள் என்ன பதில் சொல்வாள்? மறைந்தது அவள் கண்ணுக்கு மட்டும்தானே! பதிவில் எச்சரிக்கையும் இருக்கிறது, அதற்குக் கீழே அவள் பெயரில் அப்ரூவலும் இருக்கிறது.

ஒரு பாஸ்வேர்ட்தானே என்று நினைக்காதீர்கள். டொயோட்டா கார்களுக்கான டி-கனெக்ட் இணையச் சேவையின் கோடில் ஒரு பகுதியை, 2017 டிசம்பரில் ஒப்பந்த நிறுவனம் ஒன்று கிட்ஹப்பில் ஊரே பார்க்கும்படி போட்டுவிட்டது. உள்ளே சர்வரின் சாவி. 2022 செப்டம்பர் வரை அது அங்கேயே கிடந்தது. 2,96,019 வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரி கசிந்திருக்கலாம் என்று டொயோட்டா அறிவிக்க வேண்டிவந்தது. அவ்வளவு பெரிய கம்பெனி தாங்கிக்கொண்டது. நம் பக்கத்து வென்டர் கம்பெனிக்கு ஆர்டரே போய்விடும்.

இன்னொரு ஆபத்து இருக்கிறது. எனக்கு அதை நினைத்தால்தான் அதிகம் பயம்.

கமென்டை மறைக்க, எக்ஸ்டென்ஷன் அந்தப் பக்கத்தைப் படித்தாக வேண்டும். நீங்கள் திறக்கும் கம்பெனி கோடெல்லாம் அதன் கண்ணில் படும். அந்த அனுமதியைக் கொடுத்தது நீங்கள்தான்.

செய்தவர் நல்லவராகவே இருக்கட்டும். நாளைக்கு விற்றுவிட்டால்? லட்சக்கணக்கானோர் நம்பிய 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்ற எக்ஸ்டென்ஷன் 2020இல் கைமாறியது. 2021 பிப்ரவரியில், தீங்கான நிரல் இருக்கிறது என்று கூகுள் அதை நீக்கியது. விற்காவிட்டாலும் நிம்மதி இல்லை. 2024 கிறிஸ்துமஸ் சமயத்தில், தகவல் பாதுகாப்பையே தொழிலாகச் செய்யும் சைபர்ஹேவனின் ஊழியர் ஒருவர் போலி மெயிலில் ஏமாந்தார். அவர்களுடைய எக்ஸ்டென்ஷனிலேயே திருட்டுப் பதிப்பு ஏறியது. பயன்படுத்தியவர்கள் எதையும் அழுத்தவில்லை. அப்டேட் தானாக வந்து இறங்கியது.

நம்ம ஊருக்கு இதெல்லாம் வராது என்கிறீர்களா? 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற கம்ப்யூட்டர் வைரஸ் தாக்கியபோது ஒரகடத்து ரெனோ-நிஸான் ஆலையும் அடிபட்டது. அது வேறு வழியாக வந்த பீடைதான். ஆனாலும் ஆலைக்குள் கம்ப்யூட்டர் படுத்தால் என்ன ஆகும் என்பதை இந்த ஊர் பார்த்திருக்கிறது.

இப்போதே உங்கள் எக்ஸ்டென்ஷனைக் கவனியுங்கள்.

எல்லா வலைத்தளங்களையும் படிக்க, மாற்ற அனுமதி கேட்கிறதா? வேண்டவே வேண்டாம். அப்டேட் ஆனதும் புது அனுமதி கேட்கிறதா? உடனே நீக்குங்கள். எத்தனை கமென்டை மறைத்தது என்று எண்ணிக்கை காட்டுவதில்லையா? ஐ.டி. துறைக்குச் சொல்லாமல் போட்டீர்களா? எல்லாவற்றையும்விட, பாட் என்ற பெயரைப் பார்த்ததுமே மொத்தமாக மறைக்கிறதா? அப்படியானால் இடைவெளிக் குறையும் பாஸ்வேர்ட் எச்சரிக்கையும் அதற்கு ஒன்றுதான்.

இரைச்சல் தாங்கவில்லை, தெரிகிறது. அதை உங்கள் திரையில் மட்டும் மூடாதீர்கள். டீமாக உட்கார்ந்து பாட்டின் செட்டிங்ஸையே மாற்றுங்கள். இடைவெளியைத் தானாகத் திருத்தும் கருவி இருக்கிறது, அதற்குக் கமென்ட் எதற்கு? பழைய பேக்கேஜ் விவரம் வாரம் ஒருமுறை மொத்தமாக வரட்டும். கோடில் பாஸ்வேர்ட் இருந்தால் கமென்ட் போட்டு நிற்கக் கூடாது. மெர்ஜே ஆகாமல் தடுக்க வேண்டும்.

ஏற்கெனவே கசிந்திருந்தால், அந்த வரியை மட்டும் அழித்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். கிட் வரலாற்றில் அது அப்படியே இருக்கும். முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பயந்துகொண்டு வாயை மூடிக்கொள்ளாதீர்கள், கண்ணுகளா. தரவு கசிந்தது தெரிந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனம் மத்திய அரசின் சர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 முதல் உத்தரவு. நீங்கள் சொன்னால்தானே அவர்கள் சொல்ல முடியும்?

இன்றைக்கு பஸ் ஏறுவதற்கு முன், எக்ஸ்டென்ஷனை அணைத்துவிட்டு, போன வாரம் அப்ரூவ் கொடுத்ததையெல்லாம் ஒருமுறை திறந்து பாருங்கள்.