உயிர் காக்கும் வார்

தருமபுரி மாவட்டத்திலுள்ள ஊர்களுள் அரூர் பழைமை வாய்ந்த ஒன்று. சேலத்திலிருந்து திருப்பத்தூருக்கும் வாணியம்பாடிக்கும் செல்லும் நெடுஞ்சாலை இவ்வூரின் வழியே செல்கின்றது. சேலம் செல்லும் வழியில் மஞ்சவாடிக் கணவாய் உள்ளது. சித்தேரி மலையும், சிவபெருமான் கோயில் கொண்டுள்ள தீர்த்தமலையும் அண்மையில் விளங்குகின்றன.

முற்காலத்தில் தீர்த்தமலைத் திருவிழாவுக்குச் செல்லும் குடும்பத்தார் கூண்டு வண்டி பூட்டிப் புறப்படுவர். அரிசி, பருப்பு, புளி, மிளகாய் முதலியவற்றையும் சமையற் பாத்திரங்களையும் வண்டியிலேயே ஏற்றிக்கொள்வர். வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் சமுக்காளம் விரித்து, குழந்தைகளைப் படுக்க வைப்பர். பெரியோர் கதை பேசிக்கொண்டு வருவர். காளைகள் மணிக்கு நான்கு அல்லது ஐந்து கிலோமீட்டர் தொலைவே நடக்கும். வண்டியிலிருந்து ஒரு சிறுவன் தவறி விழுந்தாலும் முழங்காலில் சிறிது தோல் உரியும், அவ்வளவே. அவன் எழுந்து ஓடி வந்து மீண்டும் வண்டியில் ஏறிக்கொள்வான்.

இன்று காளைகள் நின்ற இடத்தில் இயந்திரம் வந்துவிட்டது. குடும்பத்தார் வேன் ஒன்றை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு பழனிக்கும் இராமேசுவரத்திற்கும் செல்கின்றனர். உண்ணவும் உறங்கவும் சமைக்கவும் வசதி அமைந்த கேரவன் என்னும் வீட்டு ஊர்தியும் நம் நாட்டில் பெருகி வருகின்றது. கேரள அரசு 2021ஆம் ஆண்டில் இத்தகைய ஊர்திகளுக்கெனத் தனியே ஒரு சுற்றுலாக் கொள்கையை வெளியிட்டது. ஊர்தி மாறியது, வேகமும் மாறியது. ஆனால், மக்களின் பழக்கம் மட்டும் மாறவில்லை. வேனின் நடுவே பாய் விரித்துப் படுப்பவரும், ஓடும்போதே எழுந்து நடப்பவரும், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்னிருக்கையில் அமர்பவரும் இன்றும் பலர். மாட்டு வண்டிக்குப் பொருந்திய பழக்கம் மோட்டார் வண்டிக்குப் பொருந்துமோ? பொருந்தாது. அதன் காரணத்தை அறிவியல் தெளிவாகக் கூறுகின்றது.

ஆங்கில நாட்டு அறிஞர் ஐசக் நியூட்டன் 1687ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இயக்க விதிகள் மூன்றினை வகுத்துரைத்தார். புறத்தேயிருந்து ஒரு விசை தாக்காதவரையில், நிற்கும் பொருள் நின்றுகொண்டே இருக்கும். ஓடும் பொருள் அதே வேகத்தில் நேராக ஓடிக்கொண்டே இருக்கும் என்பது அவற்றுள் முதலாவது விதி. இப்பண்பினை நிலைமம் என்பர். பேருந்து திடீரென நிற்கும்போது நிற்பவர் அனைவரும் முன்னே சாய்வதை யாவரும் கண்டிருப்பர். பேருந்தின் தடை சக்கரத்தை நிறுத்துகின்றதேயன்றி மனிதரை நிறுத்துவதில்லை. அவர் உடல் பழைய வேகத்திலேயே முன்னோக்கிச் செல்கின்றது.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ஊர்தியில் ஒருவர் அசையாது அமர்ந்திருப்பதாக எண்ணுகின்றார். உண்மையில் அவரும் 50 கிலோமீட்டர் வேகத்தில் பறந்துகொண்டிருக்கின்றார். ஊர்தி ஒரு புளியமரத்தில் மோதி நின்றுவிட்டால், அவர் நிற்பதில்லை; முன்னேயுள்ள கண்ணாடியோ, இருக்கையோ, மற்றொரு மனிதரோ அவரை நிறுத்தும்வரை அதே வேகத்தில் செல்வார். அந்த வேகத்தில் மோதுவது, ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுவதற்கு ஒப்பாகும். மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியில் கைப்பிடிச் சுவரின்றி நிற்க எவரும் அஞ்சுவர். ஆனால், அதே அளவு இடர் நிறைந்த ஊர்தியில் பிணிப்பின்றி அமர எவரும் அஞ்சுவதில்லை. உயரம் கண்ணுக்குத் தெரிகின்றது, வேகம் தெரிவதில்லை. இதுவே அச்சமின்மைக்குக் காரணம்.

குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய், தன் கைகளே அதற்குக் காவல் என்று நம்புகின்றாள். அன்பு பெரிதே, ஆயினும் விசையின்முன் கைகளின் வலிமை சிறிது. 10 கிலோ எடையுள்ள குழந்தையை எடுத்துக்கொள்வோம். 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஊர்தி ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிடுமாயின், அக்குழந்தையைப் பிடித்து நிறுத்த 140 கிலோ பாரத்தைத் தாங்கும் வலிமை வேண்டும். அஃது ஏறத்தாழ இரண்டு நெல் மூட்டைகளின் பாரம். எந்தத் தாயின் கைகள் அதனைத் தாங்கும்? தாயும் வார் அணியாதிருப்பின், அவளுடைய உடற்பாரமே குழந்தையை நசுக்கிவிடும்.

இவ்விடரை நீக்க அறிஞர் கண்ட வழியே இருக்கை வார். மக்கள் இதனைச் சீட் பெல்ட் என்று வழங்குவர். தொடக்கத்தில் இடுப்பை மட்டும் சுற்றிக் கட்டும் வாரே பெரிதும் வழக்கில் இருந்தது. அது மோதலின்போது வயிற்றை அழுத்தி உள்ளுறுப்புகளைச் சிதைப்பதும், தலையும் மார்பும் முன்னே சென்று மோதுவதைத் தடுக்காமையும் குறைகளாயின. சுவீடன் நாட்டுப் பொறியாளர் நில்சு போலின் என்பவர், தோளின் குறுக்கேயும் இடுப்பின் மேலும் செல்லும் மும்முனை வாரை அமைத்தார். அவர் முன்னர் விமானிகளைக் காக்கும் இருக்கைகளை அமைத்தவர். 1959ஆம் ஆண்டில் வால்வோ நிறுவனத்தின் கார்களில் அவ்வார் பொருத்தப்பட்டது. அந்நிறுவனம் அதன் காப்புரிமையைத் தனக்கே உரியதாக்கிப் பொருள் ஈட்ட முற்படாது, பிற நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ள விட்டுவிட்டது. உலகெங்கும் இன்று கார்களில் காணப்படும் வார் பெரும்பாலும் அவ்வழி வந்ததே.

இவ்வார் செய்யும் வேலை இரண்டு. முதலாவது, மனிதரை ஊர்தியோடு இணைத்து, ஊர்தி மெல்ல மெல்ல நசுங்கி நிற்கும் அச்சிறு பொழுது முழுவதையும் அவருக்கும் அளிக்கின்றது. நிற்கும் நேரம் கூடினால் தாக்கும் விசை குறையும். இரண்டாவது, அவ்விசையை முகம், வயிறு போன்ற மெல்லிய உறுப்புகளில் விழாமல், இடுப்பெலும்பு, மார்பெலும்பு, தோளெலும்பு ஆகிய வலிய எலும்புகளின்மேல் பரப்புகின்றது. வாரை மெதுவாக இழுத்தால் அது தடையின்றி நீளும். வெடுக்கென இழுத்தால் பூட்டிக்கொண்டு நின்றுவிடும். எனவே, அமர்ந்திருப்பவர் இயல்பாக அசையலாம். இடர் நேரும்பொழுது மட்டுமே அஃது இறுகப் பற்றும். நின்றிருக்கும் ஊர்தியில் மாணவர் எவரும் இதனைத் தாமே சோதித்து அறியலாம்.

வாரை அணிந்தால் மட்டும் போதாது. முறையாக அணிதல் வேண்டும். கீழ்ப்பட்டை வயிற்றின்மீது அமையாது, இடுப்பெலும்பின்மேல் தாழ்வாகப் படிதல் வேண்டும். மேற்பட்டை கழுத்தை உரசாமல் தோளின் நடுவே செல்லுதல் வேண்டும். அது துன்புறுத்துகின்றது என்று அக்குளுக்கடியில் நுழைத்துக்கொள்வது தீங்கு தரும். அப்பொழுது விலா எலும்புகள் முறிய இடமுண்டு. வார் முறுக்கின்றி, தளர்வின்றி இருத்தல் நலம். கருவுற்ற மகளிரும் வார் அணிதல் வேண்டும். கீழ்ப்பட்டை வயிற்றுக்குக் கீழே அமையுமாறு பார்த்துக்கொள்ளுதல் அவசியம். இருவர் ஒரே வாரைச் சேர்த்து அணிதல் கூடாது. சிறு குழந்தைகளுக்கு அவர்தம் அளவுக்கேற்ற தனி இருக்கை உண்டு. காற்றுப்பை உள்ள கார்களில் அப்பையே போதும் என்று எண்ணுவோரும் உளர். காற்றுப்பை வாருக்குத் துணையேயன்றி மாற்று அன்று. கண்ணிமைக்கும் நேரத்தில் வெடித்து விரியும் அதன்மேல் பிணிப்பின்றி விழுபவரை அதுவே காயப்படுத்தக்கூடும்.

இருக்கை வார் அணிதலைச் சட்டத்தால் கட்டாயமாக்கியதில் ஆஸ்திரேலிய நாட்டின் விக்டோரியா மாநிலம் 1970ஆம் ஆண்டிலேயே உலகுக்கு வழிகாட்டிற்று. பிரிட்டனில் முன்னிருக்கையினர் வார் அணிவது 1983ஆம் ஆண்டில் கட்டாயமாயிற்று. நம் நாட்டில், 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 138ஆம் விதி, ஓட்டுநரும், முன்னிருக்கையில் அமர்பவரும், முன்னோக்கிய பின்னிருக்கையில் அமர்பவரும் ஊர்தி ஓடும்போது வார் அணிதல் வேண்டும் என்கின்றது. 2019ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவு, வார் அணியாதவருக்கு 1,000 ரூபாய் தண்டம் விதிக்கின்றது. 14 வயது நிரம்பாத குழந்தையை வாரோ குழந்தைக்குரிய பிணிப்போ இன்றி ஏற்றிச் செல்பவருக்கும் அதே தண்டம் உண்டு.

பின்னிருக்கையும் விதியில் அடங்கும் என்பதைப் பலர் அறியார். அறிந்தோரும் அதனைப் பொருட்படுத்துவதில்லை. 2022 செப்டம்பர் 4ஆம் நாள், டாட்டா சன்ஸ் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி அகமதாபாத்திலிருந்து மும்பை நோக்கிக் காரில் வந்துகொண்டிருந்தார். மகாராட்டிர மாநிலத்தின் பால்கர் மாவட்டத்தில் அவர் கார் ஒரு பாலத்தின் சுவரில் மோதிற்று. முன்னிருக்கையில் இருந்த இருவரும் காயங்களோடு உயிர் பிழைத்தனர். பின்னிருக்கையில் இருந்த அவரும் மற்றொருவரும் உயிர் இழந்தனர். பின்னிருக்கையினர் வார் அணியவில்லை என்று காவல்துறையினர் தெரிவித்தனர். விலையுயர்ந்த கார், செல்வம், செல்வாக்கு ஆகிய எல்லாம் இருந்தும், கைக்கெட்டும் தொலைவிலிருந்த ஒரு வார் அணியப்படாமையால் நேர்ந்த இழப்பு இது.

இத்துன்பம் அரிதாக நிகழ்வதன்று. மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவர்களுள் வார் அணியாதிருந்தோர் 16,715 பேர். இவர்களுள் ஓட்டுநர் 8,384 பேர். பயணிகள் 8,331 பேர். பயணிகளின் தொகை ஓட்டுநர் தொகைக்கு ஏறக்குறைய ஈடாக இருப்பதை நோக்குக. வார் ஓட்டுநருக்கு மட்டுமே உரியது என்னும் எண்ணம் எத்துணைத் தவறானது!

வார் அணியாவிடின் ஒலியெழுப்பி எச்சரிக்கும் கருவி இன்றைய கார்களில் உள்ளது. அவ்வொலியை அடக்குதற்கென்றே போலிக் கொக்கி ஒன்றை வாங்கிப் பூட்டில் செருகுவோரும் உளர். நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 மே மாதத்தில் இத்தகைய கொக்கிகளின் விற்பனையைத் தடுத்து, இணைய வணிக நிறுவனங்கள் ஐந்துக்கு ஆணையிட்டது. 13,118 விற்பனைப் பதிவுகள் நீக்கப்பட்டன. கருவியை ஏமாற்றலாம், காவலரையும் ஏமாற்றலாம், இயற்கை விதியை ஏமாற்றுதல் இயலுமோ?

வார் அணியாமைக்கு மக்கள் கூறும் காரணங்கள் பல. ‘இதோ அருகிலுள்ள ஊர்தானே’ என்பர் சிலர். விபத்துத் தொலைவை அளந்து வருவதில்லை. ‘தீப்பற்றினால் வெளியேற இயலாது’ என்பர் வேறு சிலர். மோதலில் நினைவு தவறாதிருப்பவரே கதவைத் திறந்து வெளியேற இயலும்; அந்நினைவைக் காப்பது வாரே. ‘எங்கள் ஓட்டுநர் கைதேர்ந்தவர்’ என்பர் இன்னும் சிலர். தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையேயுள்ள தொப்பூர்க் கணவாயில் 2020 டிசம்பரில் நிகழ்ந்ததை அவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இறக்கத்தில் கட்டுப்பாடிழந்து வந்த சரக்கு லாரி ஒன்று, முன்னேயிருந்த பத்துக்கும் மேற்பட்ட ஊர்திகள்மீது மோதியது, நால்வர் உயிரிழந்தனர். நம் ஓட்டுநர் நல்லவராயினும், சாலையில் செல்வோர் அனைவரும் அவருடைய ஆளுகைக்கு உட்பட்டவர் அல்லர்.

கேரவனில் செல்வோர் சிறப்பாக ஒன்றை மனத்திற்கொள்ளுதல் வேண்டும். அதிலுள்ள கட்டிலும் சமையல் மேடையும் பக்கவாட்டுப் பலகையும் ஊர்தி நிற்கும்போது பயன்படுவன. ஓடும்போது, முன்னோக்கியமைந்த, வாருள்ள இருக்கைகளிலேயே அனைவரும் அமர்தல் வேண்டும். பக்கவாட்டில் அமர்பவரை வார் செவ்வனே காப்பதில்லை. மோதலில் உடல் ஒருபுறமாக வளைந்து முதுகெலும்பு பழுதுறும். எத்தனை பேர் உறங்கலாம் என்பது வேறு. எத்தனை பேர் பயணம் செய்யலாம் என்பது வேறு. வாருள்ள இருக்கை ஆறு எனில், செல்வோரும் அறுவரே. பாத்திரம், பெட்டி, எரிவாயு உருளை முதலியவற்றையும் கட்டி வைத்தல் வேண்டும். மனிதருக்குள்ள நிலைமம் பித்தளைக் குடத்துக்கும் உண்டு. மோதலின்போது அது குடமாக இராது, எறியப்பட்ட குண்டாகிவிடும்.

ஊர்தியை வீடெனவே கருதி நடப்பதால் வரும் கேட்டுக்கு மதுரையில் நிகழ்ந்த ஒன்று சான்றாகும். 2023 ஆகஸ்டு 26ஆம் நாள், வடநாட்டிலிருந்து சுற்றுலா வந்தோரின் இரயில் பெட்டி ஒன்று அங்கு நிறுத்தப்பட்டிருந்தது. விதிக்கு மாறாக எடுத்துவரப்பட்ட எரிவாயு உருளையால் அதில் தீப்பற்றி ஒன்பதின்மர் மாண்டனர். அங்கு நேர்ந்தது மோதல் அன்று, தீ. ஆயினும் இரண்டுக்கும் வேர் ஒன்றே. வீட்டில் செய்வனவற்றையெல்லாம் ஊர்தியிலும் செய்யலாம் என்னும் மறதியே அவ்வேர்.

வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பது நம் முன்னோர் கண்ட நெறி. வார் பூட்டுவதற்கு வேண்டிய நேரம் சில வினாடிகளே. அரூரிலிருந்து புறப்படும் குடும்பம் ஊர் எல்லையிலுள்ள கோயிலருகே வண்டியை நிறுத்தி, கற்பூரம் ஏற்றி, சக்கரத்தின்கீழ் எலுமிச்சம்பழம் வைத்து வழிபடுகின்றது. ஊறின்றிச் சென்று மீள வேண்டும் என்னும் ஆவலே அவ்வழிபாட்டின் பொருள். அவ்வாவல் உண்மையாயின், வண்டி நகருமுன் அதிலுள்ளோர் அனைவரும் வார் அணிந்துள்ளனரா என்று ஒருமுறை பார்த்தல் அதன் நிறைவாகும். அதனைப் பார்த்துச் சொல்லும் பணியை அவ்வீட்டு மாணவனோ மாணவியோ ஏற்றுக்கொள்ளலாம். பள்ளியில் கற்ற நிலைம விதி தேர்வுத் தாளோடு நின்றுவிடாமல், பாட்டியின் தோளில் ஒரு வாராகப் படிந்து அவளைக் காக்குமாயின், அக்கல்வியே பயனுள்ள கல்வியாகும்.