மென்பொருள் நின்றால் தட்டுகள் போய்விட்டனவா?



எமது வானொலியின் பழைய ஒலிப்பதிவுகள் நான்கு வன்தட்டுகள் கொண்ட ஒரு ரெயிட் தொகுதியில் இருக்கின்றன. இன்று எம்மிடையே இல்லாத பெரியவர்கள் சிலரின் குரல்களும் அதில் உண்டு. அண்மையில் அத்தொகுதியை நிர்வகிக்கும் மென்பொருள், திறந்த சில விநாடிகளிலேயே தானாக மூடிக்கொண்டது. "எல்லாம் போட்டுதோ அண்ணை?" என்று சக அறிவிப்பாளர் பதறினார். பலரது வீடுகளிலும் இத்தகைய பெட்டிகள் இருப்பதால் இதைச் சற்று விளக்குகிறேன்.

1988இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் ஓர் ஆய்வுக் கட்டுரையில் ரெயிட் முறையை விவரித்தனர். நாம் பயன்படுத்தும் ரெயிட் 5 வகையைக் கணக்காளனாக இப்படிச் சொல்வேன்: மூன்று தொகைகளையும் அவற்றின் கூட்டுத்தொகையையும் நான்கு தாள்களில் எழுதுகிறோம். ஒரு தாள் தொலைந்தால் மற்ற மூன்றையும் வைத்து அதைக் கண்டுபிடிக்கலாம். இரண்டு தொலைந்தால் முடியாது. இதற்காகவே 1 டெராபைட் தட்டுகள் நான்கு இருந்தாலும் 3 டெராபைட் மட்டுமே சேமிக்கலாம்.

நிர்வாக மென்பொருள் வெறும் பேரேட்டைக் காட்டும் கண்ணாடிதான். தொகுதியின் அமைப்பு விபரம் பெரும்பாலும் தட்டுகளிலேயே எழுதப்பட்டிருக்கும். ஆகவே மென்பொருள் நின்றதால் மட்டும் பதிவுகள் அழிவதில்லை. தளர்ந்த தட்டு ஒன்று பதில் தரத் தாமதிப்பதாலோ, தட்டுகளிலுள்ள விபரங்கள் ஒன்றுக்கொன்று முரண்படுவதாலோ, மென்பொருளின் வழுவாலோ அது நிற்கலாம்.

அதற்குப் பிறகு நாம் அவசரத்தில் செய்வதுதான் ஆபத்து. தட்டைப் புதிதாகத் தொடக்கவா என்று விண்டோஸ் கேட்டால் சம்மதிக்காதீர்கள். தொகுதியைப் புதிதாக உருவாக்கவும் வேண்டாம்.

முதலில் எந்தத் தட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்பதைத் தொடரிலக்கத்துடன் குறித்துக்கொள்ளுங்கள். கோப்புகள் இன்னும் திறக்கின்றனவென்றால், முக்கியமானவற்றை வேறொரு தட்டில் பிரதி எடுங்கள். தட்டை மாற்றுவதும் மீளமைப்பதும் அதன் பிறகே. மீளமைக்கும்போது மிஞ்சிய தட்டுகள் முழுமையாக வாசிக்கப்படும். இன்னொரு பலவீனமான தட்டு அப்போது கைவிடக்கூடும். எமது ஒலிப்பதிவுகளும் இந்த ஒழுங்கில்தான் காப்பாற்றப்பட்டன.

ஒன்றை மறவாதீர்கள்: ரெயிட் என்பது காப்புப் பிரதி அல்ல. தவறுதலாக அழித்த கோப்பு எல்லாத் தட்டுகளிலிருந்தும் ஒரே நேரத்தில் மறையும். தீயும் திருட்டும் முழுப் பெட்டியையும் கொண்டுபோகும். பெறுமதியான குரல்களுக்கும் படங்களுக்கும் இன்னொரு கூரையின் கீழ் ஒரு பிரதி இருக்கட்டும்.