தெளிந்த ஆறும் பசித்த மீனும்

வட அமெரிக்காவின் ராக்கி மலைகளில் பிறந்து, பாலை நிலங்களினூடே ஏறத்தாழ 2,330 கிலோமீட்டர் செல்லும் ஆறு கொலராடோ. ஸ்பானிய மொழியில் இச்சொல் 'செந்நிறம் ஏறியது' எனப் பொருள்படும். செவ்வண்டலைச் சுமந்து கலங்கி ஓடியதால் அமைந்த காரணப் பெயர் அது. 1963ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கிளென் கேன்யன் அணை நீரைத் தேக்கத் தொடங்கியது. அதன்பின் அணைக்குக் கீழே வரும் நீர் பளிங்கெனத் தெளிந்துவிட்டது. தெளிவு நன்மை என்றே எவருக்கும் தோன்றும். ஆற்றில் வாழும் உயிர்களுக்கும் அது நன்மைதானா?

ஆறு நீரை மட்டும் கொண்டு செல்வதில்லை. உணவையும் கொண்டு செல்கிறது. அவ்வுணவு இரு வழிகளில் வரும். நிலத்திலிருந்து அடித்து வரப்படும் இலை, சருகு, சுள்ளி முதலிய மட்கும் பொருள்கள் ஒன்று. ஆற்றுக்குள்ளேயே கதிரொளி கொண்டு வளரும் பாசி மற்றொன்று. முன்னாளில் சேற்று நீரில் ஒளி ஆழப் புகாமையால் பாசி குறைவாகவே வளர்ந்தது. வெள்ளம் கொணர்ந்த பொருள்களே பெரிதும் உணவாயின.

அணை இந்நிலையைத் தலைகீழாக்கியது. பவல் ஏரி எனப்படும் நீர்த்தேக்கத்தில் ஓட்டம் தளர்வதால், வண்டலும் மரத்துண்டுகளும் அங்கேயே தங்கிவிடுகின்றன. பாஸ்பரம் களிமண் துகள்களைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. ஆதலால் துகள்களோடு தானும் அடியில் படிகிறது. கரைந்த நிலையில் உள்ள நைட்ரஜனோ பெருமளவு அணையைக் கடந்து செல்கிறது. ஒரு சத்து இருந்தும் மற்றொன்று போதாமையால் உயிர் வளர்ச்சி தடைப்படும். அரிசி இருந்தும் விறகில்லா அடுப்பின் நிலை அது.

அணைக்குக் கீழே லீஸ் பெர்ரி வரையுள்ள சுமார் 25 கிலோமீட்டரில் ஒளி ஆற்றின் அடிவரை எட்டுகிறது. ஆங்கே கற்களின்மேல் இழைப்பாசி தழைக்கிறது. அதன்மேல் ஒட்டி வாழும் டயாட்டம் என்னும் நுண்பாசியைப் பூச்சிகளின் புழுக்கள் உண்கின்றன. அப்புழுக்களை மீன்கள் உண்கின்றன. அதற்கப்பால் பரியா ஆறும் சிறு கொலராடோ ஆறும் சேற்றைக் கொணர்ந்து சேர்க்கின்றன. ஒளி மங்குகிறது, பாசி குன்றுகிறது. நிலத்திலிருந்து வந்த பழைய உணவு அணையில் நின்றுபோக, புதிய உணவும் இங்கே போதவில்லை.

மின்னாக்கமும் இதில் பங்கு கொள்கிறது. மின்தேவைக்கேற்ப நாள்தோறும் நீர்மட்டம் ஏறி இறங்குகிறது. பல பூச்சிகள் நீரோரக் கற்களில் முட்டையிடும் வழக்கமுடையன. மட்டம் இறங்கினால் அம்முட்டைகள் வெயிலில் காய்ந்து மடியும். ஆகையால் 2018ஆம் ஆண்டில் மே முதல் ஆகஸ்டு வரை, வார இறுதி நாள்களில் நீரைத் தாழ்ந்த மட்டத்தில் மாறாமல் விடும் சோதனை செய்யப்பட்டது. தாழ்ந்த மட்டத்தில் இட்ட முட்டைகள் பிற நாள்களிலும் நனைந்தே இருக்கும் என்பது அதன் கருத்து.

ஆழத்திலிருந்து வெளிவரும் குளிர்ந்த நீர் மற்றுமோர் இடர். ஹம்ப்பேக் சப் எனும் கூன்முதுகு மீன் இவ்வாற்றுக்கே உரியது. 1967ஆம் ஆண்டில் அழியும் நிலையிலுள்ள உயிரினமாக அறிவிக்கப்பட்ட அது, வெதுவெதுப்பான சிறு கொலராடோவையே இனப்பெருக்கத்துக்குப் பெரிதும் நம்பியிருந்தது. இந்நூற்றாண்டின் வறட்சியால் ஏரி தாழவே, மேற்பரப்பின் வெப்ப நீர் வெளிவரலாயிற்று. அம்மீனுக்கு அது உதவிற்று. 2021ஆம் ஆண்டில் அதன் அபாய நிலை ஒரு படி குறைத்து அறிவிக்கப்பட்டது. ஆயின் அதே வெப்பம் பகைக்கும் வழி திறந்தது. பிற மீன்களை இரையாக்கும் சிறுவாய் பாஸ் மீன், 2022ஆம் ஆண்டில் அணைக்குக் கீழே குஞ்சு பொரித்திருப்பது கண்டறியப்பட்டது.

ஏறத்தாழ நான்கு கோடி மக்கள் இவ்வாற்று நீரை நம்பியுள்ளனர். அணையை அகற்றிவிடுதல் எளிதன்று. எனினும் நீரை எவ்வளவு விடுவது என்பதோடு, எந்நாளில், எந்த ஆழத்திலிருந்து, எவ்வகையில் விடுவது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆற்றின் வளத்தை நீரின் அளவு மட்டும் காட்டிவிடாது. அந்நீர் சுமந்து செல்வது யாது என்பதையும் அறிந்தாலன்றி அவ்வளம் விளங்காது.