இரண்டரை சென்டிமீட்டர் சிப்பாய்!

கொலுப்படியில் போலீஸ் பேண்டு செட் பார்த்திருப்பீர்கள். பத்துப் பேருக்கும் ஒரே மூஞ்சி, ஒரே மீசை. அதில் ஒருத்தரைக் கட்டை விரலில் பாதி உயரத்துக்குச் சுருக்கி, கையில் துப்பாக்கியைக் கொடுத்து, சட்டைப் பட்டன் வரைக்கும் பெயிண்ட் அடிக்கச் சொன்னால் 'வேற வேலை இல்லையா சார்?' என்பீர்கள். வேலை இருப்பவர்கள்தான் அடிக்கிறார்கள். ஆபீஸ் விட்டு வந்து, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், டேபிள் லைட் போட்டுக்கொண்டு!

இதற்குப் பெயர் 'வார் கேமிங்'. மேஜை மேல் காடு, ஆறு, ஊர் எல்லாம் செட் போட்டு, ஸ்கேல் வைத்து அளந்து படையை நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடுவது. 1820-களில் பிரஷ்ய ராணுவம் அதிகாரிகளுக்குப் பயிற்சியாகவே இதை வைத்திருந்தது. 1913-ல் எச்.ஜி.வெல்ஸ் (செவ்வாய்க் கிரகத்து ஆசாமிகளைப் பூமியில் இறக்கினாரே, அவரேதான்) 'லிட்டில் வார்ஸ்' என்று விதிமுறைப் புத்தகமே எழுதினார்.

வெள்ளைக்காரர்கள் வாட்டர்லூவைப் பரப்பிக்கொண்டு உட்காருகிறார்கள். சரி. காக்களூர் சிட்கோ எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடிந்து வருகிறவருக்கு வாட்டர்லூ எதற்கு? பஸ் ஏறிப் போகிற தூரத்திலேயே ஒரு யுத்தம் நடந்திருக்கிறது.

வருஷம் 1780. ஹைதர் அலி படையோடு இறங்கிவிட்டார். கும்பெனியின் கர்னல் பெய்லி குண்டூர்ப் பக்கமிருந்து கும்மிடிப்பூண்டி வழியாக வருகிறார். காஞ்சிபுரம் போய் ஜெனரல் மன்றோவோடு சேர வேண்டும். ஆகஸ்ட் 25-ம் தேதி கொசஸ்தலை ஆற்றங்கரை. ஆற்றில் தண்ணீர் அதிகமில்லை. 'காலையில் தாண்டிக்கலாம்' என்று வடகரையிலேயே கூடாரம் அடித்தார். ராத்திரி வெள்ளம் வந்துவிட்டது! செப்டம்பர் 3 வரை ஆள் அசைய முடியவில்லை. 6-ம் தேதி நம்ம திருவள்ளூர் பக்கத்துப் பேரம்பாக்கத்தில் திப்பு மறித்தார். 10-ம் தேதி புள்ளலூரில் கதை முடிந்தது. வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதற, பெய்லி கைதானார். 1782-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் செத்தும் போனார்.

இப்போது பி.காம். கணக்குக்கு வருவோம். பெய்லியிடம் கடைசியில் இருந்தது சுமார் 3,800 பேர். ஒரு பொம்மைக்கு 50 ஆள் என்று வைத்தால் 76 பொம்மை. ஒரு அட்டைக்கு நாலு பேரை ஒட்டினால் 19 அட்டை. ஒரு மாசச் சாயங்காலம் போதும்.

மனுஷனை 72-ல் ஒரு பங்காகச் சுருக்கிய பிளாஸ்டிக் பொம்மை இரண்டரை சென்டிமீட்டருக்குள் நிற்கும். முதலில் சோப்புத் தண்ணீரில் குளிப்பாட்ட வேண்டும். அச்சிலிருந்து வந்த பிசுக்கு போகாவிட்டால் பெயிண்ட் உரிந்து வரும். அப்புறம் பளபளக்காத கறுப்பு ஒரு கோட். அதன் மேல் அக்ரிலிக். மடிப்புகளில் கறுப்பை அப்படியே விட்டுவிட்டால் அதுவே நிழல். கண்ணுக்கு முழி வைக்கப் போகாதீர்கள். பேயறைந்த மாதிரி ஆகிவிடும்.

இங்கேதான் விஷயம். இறக்குமதிப் பெட்டியில் 'ஃபிளெஷ்' என்று ஒரு பாட்டில் வரும். ரோஸ் கலர்! கும்பெனிப் படைதானே என்று 76 பேருக்கும் அதை அடித்தால் சரித்திரமே தப்பு. பெய்லியின் ஆட்களில் பெரும்பாலோர் நம்ம ஊர்ச் சிப்பாய்கள். சிவப்புக் கோட்டு, முழங்காலுக்கு மேல் நிற்கும் வெள்ளைக் கால்சட்டை, தலைப்பாகை. அதற்குள்ளே இருந்தது தமிழும் தெலுங்கும் பேசிய ஆள். புள்ளலூரில் இன்றைக்கும் இரண்டு நினைவுத் தூண்கள் நிற்கின்றன. இரண்டும் மறு வருஷம் 1781-ல் அதே இடத்தில் நடந்த சண்டையில் செத்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு. சிப்பாய்க்குத் தூணும் இல்லை, பெயரும் இல்லை. மேஜையிலாவது அவனுக்கு அவன் நிறம் கிடைக்கட்டுமே! அடர் பிரவுன் ஒரு கோட். மூக்கு, கன்னம், நெற்றியில் கொஞ்சம் வெளிர் பிரவுன். முடிந்தது. ஆளுக்கு ஆள் கலவையை மாற்றுங்கள். நம்ம தெருவில் எல்லாரும் ஒரே நிறமா என்ன?

எதிர்ப் பக்கத்துக்கு உடனே புலிக்கோடு போட்ட சட்டை மாட்டிவிடாதீர்கள். அது திப்பு ஆட்சியின் அடையாளம். 1780-ல் ராஜ்யம் ஹைதர் கையில்.

அடுத்தது தரை. கெட்டி அட்டையில் ஃபெவிகால் தடவி, டீ வடிகட்டியில் சலித்த ஆற்று மணலைத் தூவுங்கள். காய்ந்ததும் அடர் பிரவுன். பிறகு பிரஷ்ஷைத் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, ஒட்டியும் ஒட்டாமலும் வெளிர் நிறத்தை மேலாக இழுத்தால் மண் எழுந்து நிற்கும். புல்லுக்குப் பச்சைச் சாயம் போட்ட மரத்தூள். கொலு பார்க் போட்ட அனுபவம் இருக்கிற அக்காவோ அத்தையோ வீட்டில் இருந்தால் தயங்காமல் கேளுங்கள். இந்த வேலையில் நம்மைவிட அவர்கள் சீனியர்.

ஆட்டம் ஆரம்பிக்கும்போது ஆற்றுக்கு ஒரு பகடை உருட்டுங்கள். பெய்லி அன்றைக்கே தாண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் சுவாரஸ்யமே! மன்றோவுக்கும் ஒரு பகடை வேண்டும். பக்ஸாரில் ஜெயித்த அந்த மகா வீரர் சுமார் 15 கி.மீ. தூரத்தில் காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டே சரியான நேரத்துக்கு வந்து சேரவில்லை. பிறகு கனமான பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டு மெட்ராஸுக்கு நடையைக் கட்டினார். ஆறு விழுந்தால் மட்டும் அவரை நகர்த்துங்கள்.