மூன்று ஃபிரேமுக்கு ஒரு கோடு

"கல்வித் தொலைக்காட்சி இருக்கு, புத்தகத்துல கியூஆர் கோடு இருக்கு, ஸ்மார்ட் போர்டும் வந்தாச்சு. இதுக்கு மேல கேமராவ வெச்சு வகுப்புல என்ன சார் பண்றது?"

ஆசிரிய நண்பர்களோடு டீக்கடையில் நின்றால் இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடும். நியாயமான கேள்விதான். 2018-ல் வந்த புதிய பாடப்புத்தகங்களில் கியூஆர் கோடு, 2019-ல் கல்வித் தொலைக்காட்சி என்று, பார்ப்பதற்கு நம் பிள்ளைகளுக்குக் குறைவே இல்லை. ஆனால் அத்தனையும் வேறு யாரோ எடுத்த படம். கேமராவை எங்கே வைப்பது, எதைக் காட்டுவது, எதை வெட்டுவது என்பதையெல்லாம் அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். பிள்ளைக்கு மிச்சம் இருப்பது உட்கார்ந்து பார்ப்பது மட்டும். நான் சொல்வது பிள்ளைகள் தாங்களே எடுத்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்து, அளக்கிற படத்தை. வகுப்பறையில் கேமராவை அடிஸ்கேல், ஸ்டாப்வாட்ச் வரிசையில் வையுங்கள், டிவி வரிசையில் வைக்க வேண்டாம்.

பொதுவாகச் சொன்னால் பிடிபடாது. ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் 'இயக்கம்' பாடத்தை எடுத்துக்கொள்வோம். கீழே விழும் பொருளின் முடுக்கம் 9.8 மீ/வி². எல்லாப் பிள்ளைகளும் எழுதிவிடுவார்கள். அளந்து பார்த்தவர் யார் என்று கேளுங்கள், ஒரு கையும் உயராது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்து விட்ட பந்து தரையைத் தொட அரை விநாடிக்குக் கொஞ்சம் மேல்தான் ஆகும். பார்த்துவிட்டு ஸ்டாப்வாட்சை அழுத்துவதற்குள் விரலுக்கே 0.2 விநாடி தாமதம். அப்புறம் என்னத்தை அளப்பது?

இங்கேதான் செல்போன் கேமரா கை கொடுக்கிறது. வீடியோ என்பது அசையாத படங்களின் அடுக்கு. சாதாரண போனில் விநாடிக்கு 30 படம், அதாவது 30 ஃபிரேம். மூன்று ஃபிரேம் நகர்ந்தால் 0.1 விநாடி போயிற்று என்று அர்த்தம். எந்த விரல் தாமதமும் இல்லாத கடிகாரம் ஆசிரியரின் சட்டைப் பையிலேயே இருக்கிறது.

சார்ட் பேப்பரில் ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டி, 10 செ.மீ.க்கு ஒரு தடித்த கோடு போட்டுத் தொங்கவிடுங்கள். அதை ஒட்டியே ஒரு பிள்ளை ரப்பர் பந்தைக் கைவிடட்டும். தள்ளக் கூடாது, விரலைத் திறந்தால் போதும். இன்னொரு பிள்ளை நாலு மீட்டர் தள்ளி, போனை ஸ்டூல் மேல் அசையாமல் நிறுத்தி வீடியோ எடுக்கட்டும். எடுத்ததைக் கணினியில் போட்டு விஎல்சி பிளேயரில் திறந்து, 'ஈ' விசையைத் தட்டினால் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். ஸ்மார்ட் போர்டிலோ, புரொஜெக்டர் ஒளி விழும் சுவரில் ஒட்டிய சார்ட்டிலோ, மூன்று ஃபிரேமுக்கு ஒரு தடவை பந்து இருக்கும் இடத்தில் ஒரு கோடு கிழியுங்கள். பிறகு, பக்கத்தில் தெரியும் பட்டையை வைத்துக் கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைச் சென்டிமீட்டரில் படியுங்கள்.

கணக்குப்படி, விட்ட நொடியில் இருந்து இடைவெளிகள் 4.9, 14.7, 24.5, 34.3 என்று வர வேண்டும். வகுப்பில் அப்படி வராது. பந்தை விட்ட நொடியும் ஒரு ஃபிரேமின் நொடியும் சொல்லிவைத்தாற்போல் சேராது. 8, 18, 28, 37 என்று வரும். பிள்ளைகள் "தப்பா வந்துடுச்சு" என்பார்கள். அவசரப்பட்டு நீங்கள் விளக்கிவிடாதீர்கள். ஒவ்வொரு எண்ணில் இருந்தும் அதற்கு முந்தைய எண்ணைக் கழிக்கச் சொல்லுங்கள்: 10, 10, 9. பந்தை எப்போது விட்டாலும் இந்த வித்தியாசம் மட்டும் மாறாது. ஒவ்வொரு 0.1 விநாடியிலும் முந்தையதைவிட ஏறத்தாழ 10 செ.மீ. கூடுதலாக இறங்குகிறது. அப்படியென்றால் 0.1 விநாடிக்கு ஒரு தரம் வேகம் விநாடிக்கு ஒரு மீட்டர் ஏறுகிறது, முழு விநாடிக்கு 10 மீட்டர். புத்தகத்தில் இருக்கும் 9.8 இதுதான். கைதட்டல் கேட்க வேண்டிய இடம் இது.

நேரம் இருந்தால் கலிலியோவையும் இழுத்துவாருங்கள். நேராக விழுவதை அளக்கும் கடிகாரம் அவரிடம் இல்லை. சாய்வுப் பலகையில் குண்டை உருட்டி வேகத்தைக் குறைத்து, பாத்திரத்தில் இருந்து ஒழுகும் நீரை எடை போட்டு நேரத்தைக் கணித்தார். சம நேரங்களில் கடக்கும் தூரம் 1, 3, 5, 7 என்ற ஒற்றைப்படை எண்களின் விகிதத்தில் போகிறது என்று கண்டு, 1638-ல் வெளிவந்த நூலில் எழுதினார். மேலே சொன்ன 4.9, 14.7, 24.5 ஆகியவற்றை 4.9 ஆல் வகுத்துப் பாருங்கள்.

சரி, எங்கெங்கே சறுக்கும்? இதைச் சொல்லாமல் போனால் முதல் நாளே கேமராவை மூட்டை கட்டிவிடுவீர்கள்.

முதலில் வெளிச்சம். டியூப்லைட் வெளிச்சத்தில் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் கண்ணைத் திறந்து வைத்திருக்கும். விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் விழும் பந்து, விநாடியில் முப்பதில் ஒரு பங்கு நேரத்திலேயே 10 செ.மீ. நகர்ந்துவிடும். படத்தில் பந்துக்குப் பதிலாக ஒரு நீளமான தீற்றல்தான் இருக்கும். வெளிச்சம் போதாவிட்டால் சில போன்கள் ஃபிரேம் எண்ணிக்கையையே சத்தமில்லாமல் குறைத்துவிடும், அப்போது கடிகாரமே பொய். அதனால் வெயிலடிக்கும் முற்றத்துக்குப் போய்விடுங்கள்.

அடுத்தது, பட்டையைச் சுவரில் ஒட்டிவிட்டு, பந்தைச் சுவரில் இருந்து தள்ளி விடுவது. கேமரா சுவரில் இருந்து ஒரு மீட்டர், பந்து சுவருக்கு 25 செ.மீ. முன்னால் என்று வையுங்கள். பந்து 30 செ.மீ. இறங்கினால் சுவர்ப் பட்டையில் 40 என்று காட்டும். பட்டையும் பந்தும் ஒரே தளத்தில் இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. கேமராவை நாலு மீட்டர் தள்ளச் சொன்னதும் இதற்குத்தான்.

மூன்றாவது சறுக்கல் எனக்கு ரொம்பப் பிடித்தது. எவனாவது ஒருவன் ஸ்லோ மோஷனில் எடுத்து வருவான். விநாடிக்கு 240 ஃபிரேம் எடுத்து, 30 ஆக ஓட்டினால் எட்டு மடங்கு மெதுவாகத் தெரியும். பிளேயரில் ஓடும் நேரத்தை அப்படியே நம்பிக் கணக்குப் போட்டால் முடுக்கம் 64 மடங்கு குறைந்து, 0.15 என்று வரும். நிலாவிலேயே 1.6 இருக்கிறதே, நம் பள்ளி முற்றம் எந்தக் கிரகத்தில் இருக்கிறது? நேரம் எட்டு மடங்கு என்றால் முடுக்கம் ஏன் 64 மடங்கு குறைகிறது என்பதைப் பிள்ளைகளே பேசிக் கண்டுபிடிக்கட்டும். காலத்தின் வர்க்கம் என்ற பாடம் அதற்குப் பிறகு மறக்காது.

கண்ணுக்குப் பிடிபடாததைக் கேமராவால் பிடிப்பது ஒன்றும் புதிது இல்லை. 1878-ல் கலிபோர்னியாவில் பாலோ ஆல்டோ குதிரைப் பண்ணையில், எட்வர்ட் மைபிரிட்ஜ் 12 கேமராக்களை வரிசையாக வைத்து, ஓடும் குதிரை நூலைத் தட்டத் தட்ட ஒவ்வொன்றும் படமெடுக்கும்படி செய்தார். நாலு குளம்பும் ஒரே சமயத்தில் தரையை விட்டு எழும்புகிறது என்பது தெரிந்தது. அதுவும் ஓவியர்கள் வரைந்துவந்த மாதிரி கால்களை முன்னும் பின்னும் நீட்டியபோது அல்ல, வயிற்றுக்கடியில் மடக்கியபோது.

ஓடுவதை நிறுத்திப் பார்ப்பது போலவே, ஊர்வதை ஓடவிட்டும் பார்க்கலாம். பச்சைப்பயறு முளைப்பதைப் பத்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்தால் ஒரு நாளைக்கு 144 படம். விநாடிக்கு 24 வீதம் ஓட்டினால் ஒரு நாள் ஆறு விநாடி. முளை சும்மா மேலே வராது, தலையைச் சுற்றிச் சுற்றி ஆட்டிக்கொண்டு வரும். டார்வின் இதைக் கண்ணாடித் தகட்டில் புள்ளி புள்ளியாகக் குறித்துப் பார்த்து, 1880-ல் புத்தகமே போட்டார். நடைமுறைச் சிக்கல் ஒன்றுதான்: இரண்டு நாளைக்குத் தன் போனை யாரும் தர மாட்டார்கள். பீரோவில் தூங்கும் பழைய டிஜிட்டல் கேமராவோ, திரை கீறல் விட்ட பழைய போனோ இதற்குப் போதும். சார்ஜரில் போட்டுவிட்டு, இரவிலும் ஒரு விளக்கு எரியட்டும்.

தமிழாசிரியர்களுக்கும் இதில் வேலை உண்டு. பிள்ளை ஒரு பத்தியை வாசிப்பதைப் பதிவு செய்து அவனுக்கே போட்டுக் காட்டுங்கள். ல, ள, ழ மூன்றும் தன் வாயில் ஒன்றாகவே வருகிறது என்று நாம் பத்து முறை சொல்லி நம்பாதவன், தன் குரலைக் கேட்டதும் நம்புவான். ஆனால் அவனுக்கு மட்டும் போட்டுக் காட்டுங்கள். வகுப்பு முழுக்கச் சிரிக்க வைத்தால் அடுத்த முறை வாயே திறக்க மாட்டான்.

கேமராவை ஆசிரியர் தன் பக்கமும் திருப்பலாம். இதைச் சொன்னதும் நண்பர்கள் பேச்சை மாற்றுவார்கள், ஆனால் என் கணிப்பில் மிகப் பெரிய லாபம் இதில்தான். மேரி பட் ரோவ் என்ற அமெரிக்க அறிவியல் கல்வியாளர், வகுப்புகளை ஒலிநாடாவில் பதிவு செய்து கேட்டார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், அதற்குள் அடுத்த பிள்ளைக்குத் தாவுகிறார்கள் அல்லது விடையைத் தாங்களே சொல்லிவிடுகிறார்கள் என்று 1970-களில் எழுதினார். மூன்று விநாடி பொறுத்தால் பிள்ளைகளின் பதில் நீள்கிறது, பதிலே வராத தருணங்கள் குறைகின்றன. உங்கள் வகுப்பில் இது எத்தனை விநாடி? கடைசி பெஞ்சில் போனை நிறுத்தி, பத்து நிமிடம் எடுத்து, வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு எண்ணிப் பாருங்கள். தலைமையாசிரியருக்குக் காட்ட வேண்டியது இல்லை, எண்ணி முடித்ததும் அழித்துவிடலாம்.

பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு போன் தேவையில்லை, கூடவும் கூடாது. வகுப்புக்கு ஒன்று போதும். அது ஆசிரியருடையதாகவோ பள்ளியுடையதாகவோ இருக்கட்டும். எடுக்கும்போது ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டால் நடுவில் அழைப்பு வந்து வீடியோ அறுபடாது.

கடைசியாக முகங்களைப் பற்றி. நான் மேலே சொன்ன பந்து, பயறு எதிலும் பிள்ளையின் முகம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. கையும் பொருளும் தெரிந்தால் போதும், அப்படியே சட்டகத்தை அமையுங்கள். 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என்றே கொள்கிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. சட்டம் இருக்கட்டும், நம் வீட்டுப் பிள்ளையின் படம் ஊர் போன்களில் எல்லாம் சுற்றுவதை நாம் விரும்புவோமா? முகம் தெரியும் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும் முன் வீட்டில் கேளுங்கள். பதில் வராவிட்டால் போடாதீர்கள்.